பாஸ் மீனுக்கு எந்த ராடு, எந்த முடிச்சு, எந்தப் படகு?

பாஸ், தூண்டிலில் பிடிக்கும் நன்னீர் வேட்டை மீன். அது அறுத்துக்கொண்டு போனதும் நான் முதலில் செய்வது, மிச்சமிருக்கும் தூண்டில் நரம்பின் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பது. நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. நுனிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரவென்று இருந்தால் கல்லிலோ கட்டையிலோ தேய்ந்து அறுந்திருக்கிறது. முள் நிமிர்ந்து வந்தால் நரம்பின் மேல் தப்பில்லை, ராடு, அதாவது தூண்டில் கோல், அந்த முள்ளுக்குப் பொருந்தவில்லை. ஒரு பருவம் முழுக்க இப்படிப் பார்த்துக் குறித்து வைத்தபோது, நான் இழந்த நல்ல மீன்களில் பாதிக்கு மேல் சுருண்ட நுனியோடு போனவை என்று தெரிந்தது. அந்த நேரத்தில் நானோ புதுப் படகின் விளம்பரப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ராடு, முடிச்சு, படகு மூன்றையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறேன். மீன் பக்கத்திலிருந்து கணக்குப் போட வேண்டும்: முள் எப்படிப்பட்டது, அதற்கு எந்த ராடு, அந்த ராடில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் எந்த முடிச்சு போகும், இதையெல்லாம் எந்தப் படகில் நின்று செய்யப் போகிறோம். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

முதலில் ராடு. கடையில் எல்லோரையும் குழப்புவது பவர், ஆக்‌ஷன் என்ற இரண்டு சொற்கள். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது: லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று போகும். ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும், மாடரேட் என்றால் பாதி ராடு வரைக்கும் வளைந்து கொடுக்கும். ஹெவி ராடு எல்லாம் ஃபாஸ்ட் என்று நினைப்பது தவறு. இரண்டும் தனித்தனி.

எதை எடுப்பது என்பதை முள்தான் சொல்லும். ஜிக் (தலையில் எடை வைத்த முள்), ரப்பர் புழு போன்ற லூர்களில், அதாவது செயற்கை இரைகளில், தடித்த ஒற்றை முள் இருக்கும். பல நேரம் அது ரப்பருக்குள்ளேயே புதைந்திருக்கும். ரப்பரைத் துளைத்து, பாஸின் கடினமான மேல்வாயையும் துளைக்க வேண்டுமென்றால் ராடு இழுத்தவுடன் பலம் காட்ட வேண்டும். இங்கே மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். இழுக்கும்போது ஆடியபடி நீந்தும் மீன் வடிவ லூரான கிராங்க்பெய்ட்டில் இருப்பதோ மெல்லிய மூன்று கொக்கி முள். அது லேசாகத் தொட்டாலே ஏறிவிடும், ஆனால் மீன் தண்ணீருக்கு வெளியே துள்ளித் தலையை உதறும்போது கிழித்துக்கொண்டு வந்துவிடும். இங்கே விறைப்பான ராடு எதிரி. மாடரேட் ஆக்‌ஷன் ராடு ஒவ்வொரு உதறலுக்கும் வளைந்து கொடுத்து முள்ளைக் காப்பாற்றும். கிராங்க்பெய்ட்டில் மீன் கொத்துகிறது, ஆனால் கரை சேருவதில்லை என்று சொல்பவர்களின் கையில் பெரும்பாலும் ஜிக் ராடுதான் இருக்கும்.

கார்பனா ஃபைபர்கிளாஸா என்ற சண்டையும் இதோடு முடிந்துவிடுகிறது. கார்பன் ராடு, அதாவது கிராஃபைட், எடை குறைவு. மீன் மெல்லக் கவ்வுவதையும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லையும் உள்ளங்கைக்குக் கொண்டுவரும். ஜிக், புழு போடுவதற்கு வேறு யோசனையே வேண்டாம். ஃபைபர்கிளாஸ் கனமானது, உணர்வு மந்தம், ஆனால் மெதுவாக வளைந்து மெதுவாக நிமிரும். அந்த மந்தம்தான் கிராங்க்பெய்ட்டுக்கு வரம். ஒன்று மட்டும் கவனியுங்கள். விலை ஏற ஏற கார்பன் விறைப்பாகவும் லேசாகவும் ஆகும், கூடவே நொறுங்கும் குணமும் ஏறும். படகு விளிம்பில் ஒருமுறை நன்றாக இடித்த ராடு அன்றைக்கே உடையாது. இரண்டு மாதம் கழித்து, மீன் படகருகே வந்து ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கும்போது உடையும். நாம் மீனைக் குறை சொல்வோம். அப்புறம், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி இடிக்கத் தொடங்கினால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்குப் போய்விட வேண்டும்.

நரம்பு சுற்றும் ரீல் ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டிங்கா? பெய்ட்காஸ்டரில் வீசும்போது ரீலின் உருளையே சுழல்கிறது. அதைச் சுழற்ற லூருக்குக் கொஞ்சம் எடை வேண்டும். 7 கிராமுக்குக் கீழே போனால் சாதாரண பெய்ட்காஸ்டரில் நரம்பு சிக்கிப் பறவைக் கூடு கட்டிவிடும். ஸ்பின்னிங் ரீலில் உருளை நிற்கிறது, நரம்பு மட்டும் சுருள் சுருளாகக் கழன்று போகிறது. எதிர்க்காற்றிலும் சின்ன லூர் போகும். ஆனால் கட்டைவிரலால் அடக்கி, சாய்ந்த மரத்தடியில் ஒரு தட்டு அகல இடைவெளியில் லூரை இறக்கும் துல்லியத்தை பெய்ட்காஸ்டர்தான் தரும். பாசி மண்டிய இடத்திலிருந்து மீனைப் பிடுங்கி வெளியே கொண்டுவரும் பலமும் அதில்தான்.

ஒரே ராடுதான் வாங்க முடியும் என்றால் 7 அடி மீடியம் ஃபாஸ்ட் ஸ்பின்னிங் ராடை எடுங்கள். இரண்டாவது, 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் பெய்ட்காஸ்டிங். மூன்றாவதாக ஒரு மாடரேட் ராடு. நான்காவதை இரண்டு பருவம் தள்ளிப் போடலாம். ராடின் கைப்பிடிக்கு மேல் அச்சடித்திருக்கும் லூர் எடை வரம்பை நம்புங்கள். 7 முதல் 21 கிராம் என்று போட்டிருந்தால், அதன் நடுப்பகுதியில்தான் அந்த ராடு நன்றாக வீசும்.

இனி முடிச்சு. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்புக்கும், அதன் நுனியில் லூருக்கு முன்னால் கட்டும் ஃப்ளூரோகார்பன் துண்டான லீடருக்கும் இடையிலான இணைப்பைச் சொல்கிறேன். பிரெய்டு இழுபடாது, மெல்லியது, ஆனால் தண்ணீரில் தெரியும், கல்லில் எளிதில் அறுபடும். ஃப்ளூரோகார்பன் உரசலைத் தாங்கும், தண்ணீரில் அமிழும். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். எனவே தெளிந்த நீரில் ஃப்ளூரோகார்பன் கொஞ்சம் மறையும். முழுக்க மறையாது. தண்ணீரின் மேல்மட்டத்தில் ஓட்டும் லூருக்கு மட்டும் நைலான் லீடர் போடுங்கள், ஃப்ளூரோகார்பன் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். அடர்ந்த பாசி மேல் தவளை லூர் போடும்போது லீடரே வேண்டாம். 50, 65 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டை நேராகப் பாலோமர் முடிச்சில் கட்டிவிடலாம்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்கப் போட்டியில் இருப்பவை மூன்று முடிச்சுகள்: எஃப்ஜி, ஆல்பர்ட்டோ, டபுள் யூனி.

எஃப்ஜியின் அழகு, அதில் லீடர் மடிவதே இல்லை. நேராக நிற்கும் லீடர் மேல் பிரெய்டு இருபது சுற்றுக்கு மேல் மாறி மாறிப் பின்னிக்கொள்கிறது. இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி லீடரைக் கடித்துப் பிடிக்கிறது. லீடரில் முடிச்சே விழாததால் அதன் பலம் குறைவதில்லை, பருமனும் ஏறக்குறைய லீடரின் பருமன்தான். ராடின் சின்ன வளையங்களில் சத்தமில்லாமல் ஓடிவிடும். குறை என்னவென்றால், கட்டும்போது பிரெய்டு கடைசி வரை விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு சுற்று தளர்ந்தால் மொத்தமும் வழுக்கும். நல்ல வேளையாக, சரியில்லாத எஃப்ஜி பெரும்பாலும் கையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கட்டியதும் துணியைச் சுற்றிப் பலமாக இழுங்கள். பிரெய்டின் நிறம் அடர்ந்து, லீடருக்குள் பதிந்தாற்போல் ஆனால் பிடித்துவிட்டது. நகர்ந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ஆல்பர்ட்டோவில் லீடரை ஒரு வளைவாக மடித்து, அதன் மேல் பிரெய்டை ஏழு சுற்று போய் ஏழு சுற்று திரும்பி வந்து, நுழைந்த பக்கமே வெளியே எடுக்க வேண்டும். பழகிய கைக்கு ஒரு நிமிடம் போதும். எஃப்ஜியை விடக் கொஞ்சம் தடிமன், ஆனால் காற்றிலும் குளிரிலும் கட்ட முடியும். டபுள் யூனி மூன்றிலும் எளிது. ஒவ்வொரு நரம்பும் மற்றொன்றின் மேல் யூனி முடிச்சு போட்டு, இரண்டும் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும். பிரெய்டு பக்கம் எட்டு சுற்று, லீடர் பக்கம் நான்கைந்து. இதுதான் தடிமனானது. வீசும்போது வளையத்தில் டிக் டிக்கென்று தட்டும்.

எது பலமானது என்று கேட்பதைவிட, லீடர் எவ்வளவு நீளம் என்று கேட்பது நல்லது என்பது என் அனுபவம். கலங்கிய தண்ணீரில் இரண்டு அடி லீடர் போதும். அப்போது முடிச்சு ராடின் நுனி வளையத்துக்கு வெளியிலேயே நிற்கும். அதன் தடிமன் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, டபுள் யூனியே தாராளம். தெளிந்த தண்ணீரில் எட்டு, பத்து அடி லீடர் போட்டால் முடிச்சு ஒவ்வொரு வீச்சிலும் எல்லா வளையங்களையும் கடந்து ரீலுக்குள் போய் வர வேண்டும். எஃப்ஜி தன் மதிப்பைக் காட்டுவது அங்கேதான்.

எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த ஃப்ளூரோகார்பன் உரசும்போது சூடேறி, கண்ணுக்குத் தெரியாமல் பலவீனமாகிவிடும். என் சுருண்ட நுனிகளில் பலவற்றுக்கு, நனைக்காமல் அவசரத்தில் பாதி மட்டும் இறுக்கியதுதான் காரணம்.

சரி, படகுக்கு வருவோம். ஃபைபர்கிளாஸ் பாஸ் படகு ஏன் இவ்வளவு வேகமாக ஓடும்படி வந்திருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ரே ஸ்காட் 1967-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் உள்ள பீவர் ஏரியில் பாஸ் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டே அதே மாநிலத்தில் ஃபாரஸ்ட் வுட், ரேஞ்சர் படகுகளைக் கட்டத் தொடங்கினார். நேரம் எண்ணும் போட்டியில் நல்ல இடத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டும், மீனை எடை போடும் வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வேகமான உடலும் உயிர்த்தொட்டியும் அந்தத் தேவைக்குப் பிறந்தவை. போட்டிக்குப் போகாதவருக்கு அந்த வேகத்தால் என்ன பயன் என்று யோசிக்க வேண்டும். ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸைப் பிடித்து உலக சாதனை படைத்தது 1932-ல், இந்தப் படகுகள் வருவதற்கு வெகு முன்பு. அப்போது நைலான் நரம்புகூட வரவில்லை. அந்த எடையை எட்டிய அடுத்த மீன் 2009-ல்தான் வந்தது, ஜப்பானின் பிவா ஏரியில், மனாபு குரிதாவின் கையில்.

ஆனாலும் ஃபைபர்கிளாஸின் தகுதியை மறைக்கக் கூடாது. அகன்ற ஏரியில் பிற்பகல் காற்று எழுந்து அலை புரளும்போது, அந்தக் கனமும் கூரிய அடிப்பகுதியும் அலையை வெட்டிப் போகும். அலுமினியம் அதே அலையில் தடதடவென்று முதுகெலும்பை உலுக்கும். நின்று வீசும்போதும் கனமான படகு அசையாது, காற்றும் அதைச் சட்டென்று தள்ளாது. விலை கொடுப்பது எடையில். 20 அடிப் படகு, 200, 250 குதிரைத்திறன் எஞ்சின், பெட்ரோல், பேட்டரிகள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் 1,800 கிலோவை எட்டிவிடும். 150 லிட்டர் பெட்ரோலே 110 கிலோ. இழுக்கும் வண்டிக்கு அந்தத் திறன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் வெறும் உடலின் எடைதான்.

16, 17 அடி அலுமினியப் படகு இதில் ஏறக்குறைய பாதி எடை. 60 குதிரைத்திறன் போதும், சாதாரண வண்டியே இழுக்கும், முழங்கால் ஆழத் தண்ணீரிலும் நுழையும். கல்லில் உரசினால் ஒரு நெளிவு விழும், அவ்வளவுதான். ஃபைபர்கிளாஸில் அதே உரசல் மேல்பூச்சைப் பெயர்க்கும். அலுமினியத்தில் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி: ரிவெட் அடித்ததா, வெல்டிங் செய்ததா? ரிவெட் விலை குறைவு, ஆனால் வருடக்கணக்கில் அலையில் அதிர்ந்து தளர்ந்து சில இடங்களில் கசியும். முடிந்தால் வெல்டிங் எடுங்கள். காலால் மிதித்து ஓட்டும் சிறு படகான பெடல் கயாக்கையும் மறக்க வேண்டாம். சிறிய ஏரி, தனி ஆள் என்றால் அதுவே போதும். ஆனால் உட்கார்ந்தே வீசும்போது நீண்ட கைப்பிடி இடுப்பில் இடிக்கும், ராடை அதற்கேற்ப எடுக்க வேண்டியிருக்கும்.

மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் மின் மோட்டாரான டிரோலிங் மோட்டாரில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுச் சுமையோடு ஒவ்வொரு 100 பவுண்டு எடைக்கும் 2 பவுண்டு உந்துதல் என்பது நடைமுறைக் கணக்கு. காற்று அடிக்கும் ஏரி என்றால் இன்னும் கூட்டுங்கள். லேசான அலுமினியப் படகுக்குக் காற்று பெரிய பகை. ஜிபிஎஸ் மூலம் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் வசதி கொண்ட மோட்டார் இருந்தால், இரண்டு கையும் முடிச்சுக்குக் கிடைக்கும். அது இல்லாமல் காற்றில் மிதந்துகொண்டே எஃப்ஜி கட்டுவது பெரும்பாடு.

வாங்கும் முன் உங்கள் நீளமான ராடைக் கையோடு எடுத்துப் போய், ரீலோடு ராடு அறையில் வைத்துப் பாருங்கள். சின்ன அலுமினியப் படகுகள் சிலவற்றில் ஏழரை அடி ராடு நுழையாது. இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உயிர்காப்புச் சட்டையில் மாட்டாமல் வெள்ளோட்டம் போகாதீர்கள். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் இது சட்டமாகவே இருக்கிறது. முழு வேகத்தில் ஓட்டுநர் வெளியே விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரும்.

நான் கடைசியில் எடுத்தது 17 அடி வெல்டிங் அலுமினியம். ஃபைபர்கிளாஸுக்கு ஆகியிருக்கும் வித்தியாசத்தில் நல்ல டிரோலிங் மோட்டாரும் மூன்றாவது ராடும் வந்தன. மறுநாள் தெளிந்த தண்ணீருக்குப் போவதென்றால், முந்தின இரவு மேசை விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு ராடுகளுக்கு எஃப்ஜி கட்டி வைத்துவிடுகிறேன். ஏரியில் அறுந்தால் ஆல்பர்ட்டோ.