62 யார் தூரத்தில் ஒரு வெற்றி: மிச்சிகன் 13, ஒஹையோ ஸ்டேட் 10

பத்துக்கு எட்டு. அதற்கு மேல் போட மனம் வரவில்லை, கீழே இறக்கவும் கை வரவில்லை. 2024 நவம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 13–10 என்று அடித்த அமெரிக்க ஃபுட்போல் ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். நேரலையிலும் பார்த்தேன், பிறகு ஆறுதலாக முழுப் பதிவையும் போட்டுப் பார்த்தேன். ரசிகனாகக் குதித்தது வேறு கதை. காசு கொடுத்துப் பார்த்தவனாக, இந்தச் சரக்கு எப்படி என்று சொல்கிறேன்.

திருகோணமலையில் இருந்துகொண்டு மிச்சிகன் ரசிகனா என்று கேட்பவர்களுக்கு: அக்கா குடும்பம் கனடாவில், வின்சரில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிச்சிகன் மாநிலத்து டெட்ரோயிட். அத்தானுக்கு இந்த அணி என்றால் உயிர், எனக்கும் தொற்றிவிட்டது. நான் எங்கள் கழகத்துக்கு உதைபந்தில் கோல் காத்தவன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் இந்த அமெரிக்க ஃபுட்போலில் எனக்கு முதலில் விளங்கியது பந்தை உதைக்கிற இடம் மட்டும்தான். மிச்சமெல்லாம் அத்தான் போனில் பாடம் எடுத்து ஏற்றியது.

பகை பழசு. இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1897இல். 1918 முதல் வருடா வருடம் நடக்கிறது, கொரோனாவால் 2020 மட்டும் தவறியது. ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒஹையோ ஸ்டேட் வளாகத்தில் கண்ணில் படும் 'M' என்ற ஆங்கில எழுத்தை எல்லாம், மிச்சிகனின் முதல் எழுத்து என்பதால், சிவப்பு ஒட்டுநாடா ஒட்டிக் குறுக்கே அடித்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கும் பிக் மேட்ச்சின் சூட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த முறை நிலைமை என்னவென்றால், மிச்சிகன் ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு தரவரிசையிலேயே இல்லாமல் வந்தது. முந்தைய பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் நாட்டுக் கிண்ணம் எடுத்த அணிதான், ஆனால் அந்தப் பயிற்சியாளர் ஜிம் ஹார்போ தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பாக் ஜே. ஜே. மக்கார்த்தியும் போய்விட்டார். மிஞ்சியவர்களில் கூட நல்ல கைகள் இரண்டு, வில் ஜோன்சனும் கொல்ஸ்டன் லவ்லன்டும், அன்று ஆடவில்லை. எதிரில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி, அதன் சொந்த மைதானம், ஒரு லட்சத்துக்கு மேல் சனம். பந்தயக்காரர்கள் ஒஹையோவுக்கு இருபது புள்ளி முன்னிலை கொடுத்திருந்தார்கள். அத்தானே முதல் நாள் எடுத்து, "தம்பி, நித்திரையைக் கெடுக்காதே, மானம் போகாமல் தோற்றால் போதும்" என்றார்.

பார்த்த வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே நண்பகல் 12 மணிக்குத் தொடக்கம், நமக்கு இரவு 10.30. அந்த வாரம்தான் ஃபெங்கல் புயல் மழை கிழக்கைப் புரட்டி எடுத்திருந்தது, உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் வடிந்து சேறு மட்டும் மிச்சம். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் ரிவியை நம்பாமல் போனில் போட்டேன். நேரலைச் சேவை அத்தானின் கணக்கு, கட்டணத்தில் பாதி என்னுடையது. படம் சுத்தம், டேட்டா ஓரளவு இருந்தாலே ஓடுகிறது. ஆனால் படம் வந்து சேரப் பிந்துகிறது, அத்தானின் வட்ஸ்அப் முந்திவிடுகிறது. ஒரு தடவை "போச்சு!" என்று வந்தது. அடுத்து நம் ஆள் பந்தைத் தவறவிடப் போகிறான் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், ஒஹையோவின் கிக்கர் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போகிறது. போனது அவர்களுடையது. சந்தோஷப்படவேண்டிய நேரத்தையும் பயத்தில் கழித்தாயிற்று. அதன் பிறகு வட்ஸ்அப்பை அடைத்துவிட்டேன். நேரலை பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படியே செய்யுங்கள். விளம்பரம் வேறு அளவுக்கு மிஞ்சி. அறுபது நிமிட ஆட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கண் விழிக்க வேண்டும். வர்ணனைக்கு கஸ் ஜோன்சன். அந்த மனிதர் சும்மா நாலு யார் (யார் என்பது மீற்றரை விடச் சற்றுக் குறைவு) ஓட்டத்துக்கே தொண்டை கிழியக் கத்துவார், அதனால் தூக்கம் வராது.

சரி, ஆட்டம். மிச்சிகனின் பந்து எறிதலைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்கிறது. குவாட்டர்பாக் டேவிஸ் வாரன் முழு ஆட்டத்திலும் எடுத்துக்கொடுத்தது 62 யார். இரண்டு பந்தை எதிரியின் கையில் கொடுத்தார். அதில் ஒன்று, கடைசிக் கால்பகுதியில், கோல் கோட்டை நெருங்கியிருந்த நேரத்தில் ஒஹையோவின் ஜக் சோயரிடம் நேரே போனது. நான் பாயில் குத்திய குத்தில் கை வலித்தது. அந்தப் பையனைத் திட்டவும் மனம் வராது: பள்ளிக்கூடக் காலத்தில் இரத்தப் புற்றுநோயில் இருந்து மீண்டவர், உதவித்தொகை இல்லாமல் வந்து அணியில் இடம் பிடித்தவர். இருந்தாலும் மதிப்பெண் என்று வந்தால் எறிதலுக்குப் பத்துக்கு இரண்டுதான்.

அப்போ எப்படி வென்றார்கள்? நடுவில். இந்த ஆட்டத்தில் எல்லோர் கண்ணும் பந்தோடு ஓடுகிறவனைத்தான் பார்க்கும். பதிவைத் திரும்பப் போடும்போது பந்தை விட்டுவிட்டு மிச்சிகனின் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் இரண்டு மலைகளைப் பாருங்கள்: மேசன் கிரஹமும் கெனத் கிரான்டும். பந்து அசைந்ததும் கிரஹம் இடுப்பைத் தாழ்த்தி எதிராளியின் நெஞ்சுக்குள் கையைக் கொடுத்து, அவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே ஓட்டக்காரன் வரப்போகும் இடுக்கில் போய் நின்றுவிடுகிறார். ஓட்டக்காரனுக்குப் போக வழியில்லை. ஒஹையோ ஸ்டேட் அன்று 26 தடவை ஓடி எடுத்தது 77 யார். தடவைக்கு மூன்று யார் கூட இல்லை.

இதில் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம், அவர்கள் ஏன் திரும்பத் திரும்ப அதே சுவரில் போய் முட்டினார்கள் என்பது. ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் நிற்கிறான். முதலாம் வருட மாணவன், கையில் பசை தடவினவன் போல் பிடிக்கிறான், இடைவேளைக்குச் சற்று முன் அவன் பிடித்த டச்டவுனில்தான் (பந்தை எதிரியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) ஸ்கோர் 10–10 ஆனது. மிச்சிகனின் முதல்தரக் காவல்காரன் வில் ஜோன்சனும் களத்தில் இல்லை. எறிய வேண்டிய ஆட்டம் அது. பயிற்சியாளர் ரயன் டே மிச்சிகனிடம் தொடர்ந்து மூன்று வருடம் தோற்றவர். 'மிச்சிகன் எங்களை விட உடல் பலமுள்ள அணி' என்ற பேச்சு அவர் காதில் விழுந்து விழுந்து, அதைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவருடைய முன்வரிசையில் முக்கியமான இருவர், மக்லொக்லினும் சிமன்ஸும், காயத்தால் பருவத்தையே இழந்திருந்தார்கள். ஆளில்லாத இடத்தில் வீம்பு காட்டினால் இதுதான் நடக்கும். ஒஹையோவின் குவாட்டர்பாக் வில் ஹவர்ட் எறிந்த பந்துகளில் இரண்டை மிச்சிகன் பிடித்தது. ஒன்றை ஆமிர் ஹோல் பிடித்துக்கொண்டு கோல் வாசல்வரை ஓடிவந்தார், அதில் வந்ததுதான் மிச்சிகனின் ஒரே டச்டவுன். மற்றதை மக்காரி பேஜ் பறித்தார். தடுப்புக்குப் பத்துக்குப் பத்துப் போடலாம். அந்த ஜெரமையாவை ஒருமுறை விட்டதற்காக அரை குறைக்கிறேன்.

கலெல் மல்லிங்ஸுக்குத் தனியாக ஒரு பந்தி கொடுக்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தடுப்பாட்டக்காரனாக வந்து, பிறகு ஓட்டக்காரனாக மாறியவர். அது ஓடும் விதத்திலேயே தெரியும்: இடிக்க வருபவனைக் கண்டால் விலகுவதில்லை, தானே போய் இடிக்கிறார். அன்று 32 தடவை பந்தைச் சுமந்து 116 யார். கடைசி நிமிடங்கள், ஸ்கோர் சமம், மூன்றாவது முயற்சி (நாலு முயற்சிக்குள் பத்து யார் போகாவிட்டால் பந்து எதிரிக்கு), இன்னும் ஆறு யார் வேண்டும். இந்த இடத்தில் எந்த அணியும் எறியும். மிச்சிகன் எறியாது என்பது மைதானத்தில் இருந்த அவ்வளவு பேருக்கும் தெரியும், வாரனுக்கும் தெரியும். பந்தை மல்லிங்ஸிடம் கொடுத்தார்கள். முன்வரிசை ஐந்து பேரும் நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் போல் ஒரே மூச்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். முதலில் ஒரு குவியல், அதற்குள் ஆள் மறைந்துவிட்டார், விசில் அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். குவியலின் மற்றப் பக்கத்தால் மல்லிங்ஸ் வெளியே வந்து ஓடுகிறார். 27 யார். இந்த ஒரு ஓட்டத்துக்காகவே பதிவை வைத்திருக்கலாம்.

அப்புறம் உதை. இதில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது. டொமினிக் ஸ்வாடா இரண்டாம் கால்பகுதியில் 54 யாரில் இருந்து அடித்த ஃபீல்ட் கோல், அதாவது மூன்று புள்ளி தரும் உதை, கிட்டத்தட்ட 49 மீற்றர். நம் உதைபந்து மைதானத்தில் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் பந்தை வைத்து, நம் கம்பத்தை விட ஒடுக்கமான இரண்டு கம்பங்களுக்கு நடுவால், பத்து அடி உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலால் அனுப்புவது. பந்தும் உருண்டை இல்லை. முன்னால் இருந்து ஒருவன் பின்னுக்கு எறிய, இன்னொருவன் பிடித்து நட்டு வைக்க, ஒன்றேகால் விநாடிக்குள் உதைத்துவிட வேண்டும், எதிரில் பதினொரு பேர் பாய்ந்து வருகிறார்கள். ஸ்வாடாவின் ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறது, உதைத்த பிறகும் தலை நிமிரவில்லை. நான் சின்னப் பெடியளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் அது. அதே மைதானத்தில் ஒஹையோவின் ஜேடன் ஃபீல்டிங் 38 யாரிலும் 34 யாரிலும் தவறவிட்டார். மூன்று புள்ளியில் தோற்ற அணி, உதையில் விட்டது ஆறு புள்ளி. முடிக்க 45 விநாடி இருக்கும்போது ஸ்வாடா 21 யாரில் இருந்து அடித்து 13–10 ஆக்கினார். கிட்டத்தில் இருந்து அடிப்பதுதான் பயம், தவறினால் மன்னிப்பில்லை. இரவு இரண்டு மணிக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா எழும்பி, "என்னடா, கள்ளனா?" என்று கேட்டுக்கொண்டு லைட்டைப் போட்டா. உதைக்குப் பத்துக்குப் பத்து, பேரம் இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததுக்குச் சைபர். மிச்சிகன் பெடியள் எதிரியின் மைதான நடுவில் கொடி நடப் போக, அடிதடியாகி, பொலிஸ் மிளகு ஸ்பிரே அடிக்கும் வரை போய்விட்டது. இரண்டு அணிகளும் ஆடும் பிக் டென் லீக் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டொலர் தண்டம் போட்டது. வென்றவன் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் இந்த வெற்றி இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும். எட்டரை எட்டானது இதனால்தான்.

அக்காவின் மகன் தகப்பனைச் சீண்டுவதற்காகவே ஒஹையோ ஸ்டேட் ரசிகனானவன். அவன் இந்த மதிப்பெண்ணை ஒப்புக்கொள்ள மாட்டான். "மாமா, கப் எங்களிட்டத்தானே?" என்பான். அதுவும் உண்மைதான். அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாகப் பன்னிரண்டு அணிகள் நாட்டுக் கிண்ணச் சுற்றுக்குப் போயின. பழைய நான்கு அணி முறை என்றால் மிச்சிகனிடம் வாங்கிய அடியோடு அவர்கள் கதை முடிந்திருக்கும். புது முறையில் உள்ளே போய், 2025 ஜனவரி 20இல் நொட்டர் டேம் பல்கலைக்கழகத்தை 34–23 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கிவிட்டார்கள். அவன் வாதம், அப்படிப்பட்ட அணியை மிச்சிகன் வென்றது ஒரு குருட்டு அதிர்ஷ்டம் என்பது. எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. நாட்டுக் கிண்ணம் எடுத்த அணியை, அதன் வீட்டில், எறியவே தெரியாத ஒரு அணி, நடு வரிசையையும் ஒரு உதைகாரனையும் வைத்துக்கொண்டு வென்றது. ஒஹையோ கிண்ணம் எடுத்த அன்றுதான் இந்த 13–10இன் விலை கூடியது. 2021இல் 42–27, 2022இல் 45–23 என்று மிச்சிகன் அள்ளி அடித்த ஆட்டங்கள் பார்க்க இதைவிட அழகு. 2023இன் 30–24 அவை இரண்டையும் விட நெருக்கம். ஆனால் அந்த வருடங்களின் மிச்சிகன் அணிகள் வெல்லும் என்று நம்பக்கூடிய அணிகள். நான்கிலும் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் முழுப் பதிவில் இறங்க வேண்டாம், மூன்றாம் கால்பகுதி வெறும் முட்டல், புள்ளியே இல்லை. கடைசிக் கால்பகுதியை மட்டும் போடுங்கள்.

2025 நவம்பர் 29இல் ஒஹையோ ஸ்டேட் மிச்சிகனின் ஊருக்கே வந்து 27–9 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அதற்கும் இப்படி ஒரு மதிப்பெண் போடச் சொல்லி மருமகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதை அவனே எழுதட்டும்.