முடக்குவாத மருந்துச் சோதனை: அட்ஜுவன்ட் எலியா, கொலாஜன் சுண்டெலியா?

அழற்சியைக் குறைக்கும் என்று நாங்கள் நம்பிய ஒரு சேர்மத்தை முடக்குவாதத்துக்கு (உடலின் தடுப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய்) சோதிக்க வேண்டியிருந்தது. எந்த விலங்கு மாதிரி, அதாவது எந்த விலங்குக்கு எப்படி நோயை வரவழைத்துச் சோதிப்பது, என்ற பேச்சு ஆய்வகத்தில் இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் கொலாஜன் மாதிரியை எடுத்தோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையே சொல்வேன்.

காராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளை ஊசி போட்டுப் பாதத்தை வீங்கவைக்கும் முறையை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். சில மணி நேரத்தில் வீங்கும் பாதம் அழற்சியைக் காட்டும், முடக்குவாதத்தைக் காட்டாது.

அட்ஜுவன்ட் என்பது தடுப்பாற்றலைத் தூண்டிவிடும் கலவை. அந்த மாதிரியை 1956இல் பியர்சன் என்ற ஆய்வாளர் விவரித்தார். கொன்ற காசநோய்க் கிருமியை எண்ணெயில் குழைத்து எலிக்கு ஊசி போட்டால் 10 முதல் 14 நாளில் மூட்டுகள் வீங்கும். லூயிஸ் இன எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சேர்ந்தாற்போல வரும், செலவும் குறைவு. ஆனால் பாதத்தில் ஊசி போட்டுவிட்டு அந்தப் பாதத்தையே அளப்பவர்கள் நிறைய. அதில் ஊசி போட்ட இடத்தின் வீக்கமும் கலந்திருக்கும். ஊசி படாத எதிர்ப்பாதம்தான் நோயைச் சொல்லும்.

கொலாஜன் மாதிரியில் டிபிஏ/1 இனச் சுண்டெலிக்கு, மாடு அல்லது கோழியின் இரண்டாம் வகைக் கொலாஜனை (குருத்தெலும்பில் உள்ள புரதம்) அட்ஜுவன்ட்டோடு குழைத்து வாலடியில் போட வேண்டும், 21ஆம் நாள் இன்னொன்று. அதன் உடம்பு தன் குருத்தெலும்பையே தாக்கத் தொடங்கும். வேலை அதிகம்தான். கொலாஜன் சூடானால் வீணாகிவிடும். குழைத்ததில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் பரவாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் சரியாகக் குழைந்திருக்கிறது. அப்புறம் ஆண் சுண்டெலிகளின் சண்டை: கடிபட்ட பாதமும் நோய் வந்த பாதம் போலவே வீங்கும்.

இவ்வளவு சிரமத்துக்கும் நான் ஒத்துக்கொண்டது ஒரே காரணத்துக்காக: மருந்தை எந்த நாளில் தொடங்குகிறோம் என்பது. அட்ஜுவன்ட் எலிக்கு முதல் நாளிலிருந்தே மருந்து கொடுப்பது பரவலான வழக்கம். அப்போது வீக்கம் குறைந்தால், மருந்து மூட்டைக் காத்ததா, அல்லது நோய் மூளவே விடாமல் தடுப்பாற்றலை அடக்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளி வீங்கிய மூட்டோடுதான் மருத்துவரிடம் வருகிறார். கொலாஜன் சுண்டெலிகளுக்கு நோய் முன்னும் பின்னுமாக வருவதால், ஒவ்வொன்றுக்கும் பாதம் வீங்கிய அன்றே மருந்தைத் தொடங்கி, பாதத்துக்கு 0 முதல் 4 வரை, மொத்தம் 16க்கு மதிப்பெண் போட்டோம். 1992இல் லண்டன் கென்னடி நிறுவனத்தில் வில்லியம்ஸ், ஃபெல்ட்மன், மைனி ஆகியோர் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளை இந்த மாதிரியில் நோய் வந்த பிறகும் கொடுத்துப் பலன் கண்டார்கள். முதல் மனிதச் சோதனையும் அந்த ஆண்டே தொடங்கியது.

அட்ஜுவன்ட் எலிக்கும் தாமதமாகத் தொடங்கலாம். ஆனால் எலும்பு வேகமாக அரிபடுவதால் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். அதை நான் ஒரு முறைதான் செய்தேன், எனவே அழுத்திச் சொல்ல மாட்டேன். கொலாஜனிலும் குறை உண்டு. சில சுண்டெலிகளுக்கு நோயே வராது, அதனால் கூடுதலாகத் தொடங்க வேண்டும்.

இரண்டிலுமே வலி நிஜம். அழற்சி குறைக்கும் வலிமருந்து கொடுத்தால் முடிவே மாறிவிடும். அதனால் மெத்தென்ற படுக்கை போட்டோம், தீனியைக் கூண்டின் தரையிலேயே வைத்தோம், எந்த மதிப்பெண் வந்தால் ஒரு சுண்டெலியைச் சோதனையிலிருந்து விடுவிப்பது என்பதை முதல் ஊசிக்கு முன்பே எழுதி வைத்தோம்.