கலைப் பட்டதாரிகளுக்கான செவிலியர் ஆயத்த வகுப்பு: காரைக்குடி மையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

பி.ஏ. வரலாறு முடித்த என் தங்கை செவிலியராக விரும்பியதால், காரைக்குடியில் செவிலியர் படிப்புக்கு ஆயத்த வகுப்பு நடத்தும் மையம் ஒன்றில் அவளைச் சேர்த்தோம். மையத்தினர் பட்டச் சான்றிதழைப் பார்க்காமல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை முதலில் கேட்டது எனக்கு நிறைவளித்தது. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கிற்கு அந்த வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்; எந்தப் பட்டமும் அதை ஈடுசெய்யாது. மூன்றாண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் மகப்பேறு உதவியும்) பட்டயப் படிப்பிலோ, பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்துடன் 40 விழுக்காடு பெற்ற கலைப்பிரிவு மாணவர்களும் சேர இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி இடமளிக்கிறது.

வகுப்பின் உயிர் அதன் ஆசிரியைதான். ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸான அவர், படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் ஏன் புண் வருகிறது என்பதை, அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைபடுவதிலிருந்து தொடங்கி, அறிவியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி தமிழில் விளக்குகிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீடுகளில் ஆச்சிகளும் அய்யாக்களும் தனித்து வாழும் செட்டிநாட்டில் இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தோன்றவில்லை. கணக்கைக் கண்டு அஞ்சுபவர்களிடமும் அவர் பொறுமை காட்டுகிறார்: மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் 500 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 21 சொட்டு என்பதை மாணவிகள் தாங்களே கண்டுபிடிக்கும்வரை விடையைச் சொல்வதில்லை. ஜி.என்.எம். முதலாண்டில் உளவியலும் சமூகவியலும் இருப்பதால் கலைப் பட்டதாரிகள் முற்றிலும் புதிய நிலத்தில் நிற்பதில்லை என்று அவர் எடுத்துக்காட்டியது தங்கைக்குப் பெரும் துணிவளித்தது.

ஆங்கில வகுப்பு சுமார்தான்.

ஆனால் செவிலியர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் மையத்தின் போக்கு எனக்கு ஏற்புடையதாக இல்லை. அலுவலகத்தினர் ஒரே பள்ளியைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தார்கள். மாணவிகள் எந்த மருத்துவமனையில் வார்டுப் பயிற்சி பெறுவார்கள், அங்கு எத்தனை படுக்கைகள் உள்ளன என்ற கேள்விகளுக்கு நேரான பதில் வரவில்லை. நோயாளிகள் குறைந்த மருத்துவமனையில் பெறும் பயிற்சியால் கை பழகாது என்பதால், இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. ஆசிரியைக்காக இந்த வகுப்பில் தயங்காமல் சேரலாம். பள்ளியை மட்டும், தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் அங்கீகாரத்தைச் சரிபார்த்து, பயிற்சி மருத்துவமனையை நேரில் பார்த்து, முழுக் கட்டண விவரத்தையும் எழுத்தில் பெற்ற பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.