ஹோண்டா சிட்டி பெட்ரோல் மேனுவல்: நான்கு வருடம், 58,000 கி.மீ., பிக்கப் எப்படி?

திருச்சியிலிருந்து பட்டுக்கோட்டைக்கு மாதம் இரண்டு தடவையாவது போய் வருகிறேன். தஞ்சாவூர் வரை நான்கு வழிச்சாலை. அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். தஞ்சாவூர் தாண்டி ஓரத்தநாடு வழியாகப் போகும் சாலையில்தான் ஒரு வண்டியின் பிக்கப் என்னவென்று தெரியும். முன்னால் தேங்காய் லாரி, எதிரில் வேகமாக வரும் பஸ், பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். நான் எழுதுவது அந்தச் சாலையை வைத்துத்தான்.

என்னுடையது ஐந்தாம் தலைமுறை சிட்டி, 2020-இல் இந்தியாவுக்கு வந்த மாடல். 1498 சிசி, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத ஐ-விடெக் எஞ்சின், ஆறு கியர். சக்தி 121 பி.எஸ்., அதாவது குதிரைத்திறன்; அது கிடைப்பது 6600 ஆர்.பி.எம்.-இல், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6600 சுற்று சுற்றும்போது. டார்க், அதாவது வண்டியை இழுக்கும் திருப்புவிசை, 145 நியூட்டன் மீட்டர், அதுவும் 4300-இல்தான். வாங்கும்போது நான் 121 என்ற எண்ணை மட்டும் பார்த்தேன். 4300 என்ற எண்ணைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

பூஜ்ஜியத்திலிருந்து நூறைத் தொட 10 விநாடிக்கு அருகில் ஆகும். இந்த விலைக்கு நல்ல கணக்குதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து நூறு வரை ஒரே மிதியாக மிதிக்கும் வேலை குடும்பத்தோடு போகிறவனுக்கு வருவதே இல்லை. 50-இல் ஊர்ந்துகொண்டிருந்து 80, 90-க்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதல் சில மாதம் எனக்குப் பயமாகவே இருந்தது. ஐந்தாம் கியரில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பேன், வழி கிடைத்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பேன், வண்டி யோசித்து யோசித்துத்தான் ஏறும். ஒருமுறை பாதி தாண்டியபின் எதிரில் பஸ் வந்துவிட்டது. பிரேக் பிடித்து லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லாரி 50-இல் போகிறது, நான் 80-இல் தாண்டுகிறேன் என்றால் வித்தியாசம் 30. விநாடிக்கு எட்டு மீட்டர் சொச்சம்தான். முன்னும் பின்னும் இடைவெளி விட்டு 50 மீட்டரைக் கடக்க ஆறு விநாடி. அந்த ஆறு விநாடியில் நான் 130 மீட்டருக்கு மேல் ஓடியிருப்பேன். எதிரில் வருபவரும் 80-இல் வந்தால் அவரும் அதே தூரம் வந்திருப்பார். ஆக, கண்ணுக்கு முன்னால் 270 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். இது ஏற்கெனவே 80-இல் இருந்தால். 50-இலிருந்து மெதுவாக ஏறினால் இன்னும் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம்தான் மூன்றாம் கியருக்கு வந்தேன். இந்த எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.-இல் தூங்கும். மூன்றில் 80-ஐ நெருங்கும்போது முள் 3500-ஐத் தாண்டிவிடும், அங்கிருந்து 4300 பக்கம்தான். சத்தம் கூடும், ஆனால் கரகரப்பு இல்லாத, கேட்க நன்றாக இருக்கும் சத்தம். நாலு, அஞ்சு என்று எதையும் நினைக்காமல், வலது பக்கம் எட்டிப் பார்க்கும் முன்பே மூன்றுக்கு இறக்கிவிடுவேன். வழி தெரிந்ததும் மிதித்தால் வண்டி உடனே கிளம்பும். இதே சாலை, இதே வண்டிதான். ஆனால் எதிரில் வருபவருக்கு விளக்கு போட்டுக் காட்டும் நிலைமை அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை.

சுமையையும் சொல்ல வேண்டும். வண்டி சுமார் 1100 கிலோ. ஐந்து பேர், ஊரிலிருந்து கொண்டுவரும் அரிசி மூட்டை, தேங்காய் எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 400 கிலோ கூடும். 506 லிட்டர் டிக்கி, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அம்மா விடவும் மாட்டார்கள். "இன்னும் நாலு காய் வைப்பா, இடம் இருக்குல்ல" என்பார்கள். இடம் இருக்கிறது, பிக்கப்தான் குறைகிறது. மே மாத வெயிலில் ஏ.சி.யும் முழுதாக ஓடினால் இன்னும் குறையும். அப்படி ஊர் திரும்பும் நாளில் நான் ஓவர்டேக்கையே பாதியாகக் குறைத்துக்கொள்வேன்.

ஊட்டிக்கு ஒருமுறை போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியர்தான், அதில் குறையில்லை. ஆனால் 2200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மேலே ஏறியபின் அது காலில் தெரிந்தது.

நண்பரிடம் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஒரு லிட்டர் டர்போ இருக்கிறது. 115 பி.எஸ்., அதாவது என்னுடையதைவிடக் குறைவு. ஆனால் 178 நியூட்டன் மீட்டர் டார்க் 1750-லேயே கிடைத்துவிடுகிறது. அதை ஓட்டிப் பார்த்தபோது கியரை மாற்றாமலே லாரியைத் தாண்டினேன். கியர் இறக்க விருப்பமில்லாதவர்கள் தயங்காமல் டர்போ பக்கம் போகலாம். எனக்கு என் எஞ்சினின் சீரான ஏற்றம் பிடித்திருக்கிறது. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு வரும் என்று காலுக்கு ஒரு நிச்சயம் இருக்கிறது.

40,000 கி.மீ. சமயத்தில் பிக்கப் மந்தமானது. கிளட்ச் போய்விட்டதோ என்று கவலைப்பட்டேன். தெருமுனை மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். சாலை அகலப்படுத்தும் வேலை நடந்த மாதங்களின் புழுதி முழுக்க அதில்தான் இருந்தது. மாற்றியதும் பழைய இழுவை வந்துவிட்டது. நம் ஊர்ப் புழுதிக்கு புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டாம், இடையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மைலேஜ் நெடுஞ்சாலையில் 17, 18, திருச்சி நகருக்குள் 12. மூன்றாம் கியர் பழக்கத்தால் அது பெரிதாகக் குறையவில்லை. ஒரு ஓவர்டேக்குக்கு ஆறேழு விநாடி மட்டும்தானே.

போன பொங்கலுக்கு என் மனைவிதான் ஊர் வரை ஓட்டினார். ஓரத்தநாடு தாண்டி ஒரு வைக்கோல் லாரி. நான் வாயைத் திறக்கும் முன்பே கியர் மூன்றுக்கு வந்திருந்தது.