ஹட்டன் பக்கம் காணித்துண்டு வாங்கப் போகிறீர்களா? தயவுசெய்து இதை வாசியுங்கள்

எட்டரை இலட்சம் ரூபா. அம்மா 32 வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்ந்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசுதான் அதில் பெரும்பகுதி. அது திரும்பி வராது என்று நேற்றுத்தான் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

காணியைத் துண்டு போட்டு விற்கும் ஒரு கம்பெனி. ஹட்டனிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலை மலைக்குக் கீழே 10 பேர்ச்சஸ் காணி. பெப்ரவரி வெயிலில் அவர்களுடைய வேனிலேயே கூட்டிப் போனார்கள். புதிதாக வெட்டிய செம்மண் பாதை, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த முளைக்குச்சிகள். "இருபது அடி ரோட்டு அண்ணே, லொறி வாசலுக்கே வரும், அடுத்த வருஷம் பஸ்ஸும் வரும்" என்றான் காட்ட வந்த பையன். அம்மாவுக்கு முழங்கால் வலி. தோட்டத்து லய வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இத்தனை காலமும் படி ஏறி இறங்கியவர். அவன் அம்மாவின் கையைப் பிடித்து மெல்ல வேனிலிருந்து இறக்கி, "இனி நீங்க மலை ஏறத் தேவையில்லம்மா" என்றான். அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே எட்டரை இலட்சம் அட்வான்ஸ் கட்டினோம்.

ஜூன் மழைக்கு அப்புறம் போனால் பாதையின் நடுவே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். ஓரத்தில் கான் வெட்டவே இல்லை, மலைத் தண்ணீர் முழுக்க ரோட்டில்தான் இறங்குகிறது. டேப் பிடித்து அளந்தேன். வளைவில் ஒன்பது அடி! பிரதேச சபையில் விசாரித்தால், இந்தக் காணிப் பிரிப்புக்கு அனுமதியே எடுக்கவில்லை. அதைவிட மோசம், மெயின் ரோட்டிலிருந்து முதல் கால் மைல் தோட்டப் பாதை. 1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் தோட்டக் கம்பெனிகள் கைக்குப் போனது. உள்ளே ஓடும் பாதை சபையின் பாதை இல்லை. தோட்டத்துக்குள் சபை செலவழிக்கச் சட்டத்தைத் திருத்தியதே 2018இல்தான். தோட்ட நிர்வாகம் நினைத்தால் நாளைக்கே சங்கிலி போட்டுப் பாதையை மறிக்கலாம். எங்களுக்கு அதில் வழியுரிமை எந்தத் தாளிலும் இல்லை. அங்கே குடிபோனாலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும், அம்மா கிளினிக் போகவும், ஒவ்வொரு தடவையும் ஓட்டோதான்.

காணிக் கம்பெனிக்குப் போன் எடுத்தால் முதலில் "மழை விட்டதும் ஜே.சி.பி. வரும்". பிறகு "மெனேஜர் மீட்டிங்கில்". மூன்று தடவை ஒபிஸுக்கு ஏறி இறங்கினேன். நேற்று, "ரசீதின் பின்பக்கத்தைப் படிங்க, அட்வான்ஸ் திருப்பித் தரமாட்டோம்" என்றார்கள். பின்பக்கம் முழுக்கச் சிங்களம். எட்டரை இலட்சம்.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது இவ்வளவுதான் வருகிறது. மழை நாளில் போய்ப் பாருங்கள். டேப் கொண்டு போங்கள். மெயின் ரோட்டிலிருந்து வாசல்வரை பாதை யாருடையது என்று சபையில் கேளுங்கள். சபை அனுமதித்த நில அளவைப் படமும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

நாளைக்குக் காலையில் ரசீதோடு பொலிஸுக்குப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.