மிஸ்ட்ரல்: கிறுக்கல்போலத் தெரியும் கறாரான எழுத்துரு

விசிட்டிங் கார்டு, பேக்கரிப் பெட்டி, கடைக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் என எந்த வேலை வந்தாலும், ஆங்கிலப் பெயரைக் கொஞ்சம் துள்ளலாகப் போடச் சொன்னால் பல ஆண்டுகளாக என் கை போவது மிஸ்ட்ரலிடம்தான். அவசரமாகப் பேனாவை ஓட்டியவர் கையெழுத்துபோல இருக்கும். எழுத்துகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கும். ஆனாலும் சொல் சிதறாது.

இதை வடிவமைத்தவர் பிரான்சு நாட்டின் ரோஜே எக்ஸ்கோஃபோன். தன் கையெழுத்தையே அடிப்படையாக வைத்து 1953இல் மார்சே நகரின் ஃபோண்டரி ஒலிவ் நிறுவனத்துக்காகச் செய்தார். தென் பிரான்சில் சுழற்றியடிக்கும் குளிர்காற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது ஈய எழுத்துக் காலம். தனித்தனி உலோகத் துண்டுகளை அடுக்கினால் கோடு கோட்டோடு சேர வேண்டும். எந்தச் சிறிய (லோயர்கேஸ்) எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் சேர வேண்டும். அதற்காக இணையும் இடங்களை ஒரே உயரத்தில் அமைத்து, மற்ற பகுதிகளை மட்டும் இஷ்டத்துக்கு ஆடவிட்டிருக்கிறார். விளையாட்டுக்குள் இத்தனை கணக்கு இருப்பதால்தான் எனக்கு இதன்மேல் மதிப்பு.

அந்தக் கணக்கில் நாம் கை வைக்கக் கூடாது. இடம் நிரப்ப எழுத்திடைவெளியைக் கூட்டினால் இணைப்புகள் அறுந்துபோகும். முழுவதையும் பெரிய (கேபிட்டல்) எழுத்தில் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு நான் ஒரு மாதிரி அடித்துக் காட்டிவிடுவேன். அவர்களே வேண்டாம் என்பார்கள். இதன் பெரிய எழுத்துகள் சொல்லைத் தொடங்கிவைக்க மட்டும்தான்.

ஸ்டிக்கர் வெட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இது: எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களை கோரல்டிரா வரைகலை மென்பொருளில் வெல்ட் செய்யாமல், அதாவது ஒரே வடிவமாக இணைக்காமல், பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினால், ஒவ்வோர் இணைப்பிலும் கத்தி குறுக்கே வெட்டிவிடும். ஒட்டும்போது சொல் துண்டு துண்டாகக் கையோடு வரும்.

குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் காபி என்று அடித்துப் பாருங்கள். இரண்டு எஃப், இரண்டு ஈ, அச்சு மாறாமல் வந்து நிற்கும். மனிதக் கை அப்படி எழுதாது. பெரிய பலகையில் இது கண்ணை உறுத்தும். அங்கே ஓர் எழுத்தைக் கையால் லேசாகத் திருத்திவிடுவேன். பத்தி பத்தியாக அடிக்கவும் உதவாது, நாலு சொல்லோடு நிறுத்திவிட வேண்டும். தடித்த வடிவம் தேவைப்பட்டால் அதே கலைஞர் 1955இல் செய்த ஷோக் என்ற எழுத்துருவைப் பார்க்கலாம். அது தூரிகையை அழுத்தி இழுத்த வகை.

பக்கத்தில் தமிழ்ப் பெயரும் வரும்போது தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் எழுத்துரு எனக்குப் பிடித்த ஜோடி. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கும் சாய்ந்த கையெழுத்துச் சாயல்தான். இரண்டையும் ஒரே அளவில் வைக்காதீர்கள். மிஸ்ட்ரலின் சிறிய எழுத்துகள் உயரம் குறைந்தவை. ஆங்கிலத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால்தான் தமிழுக்குச் சமமாக நிற்கும்.

எம்.எஸ். ஆபீஸ் உள்ள பல கணினிகளில் மிஸ்ட்ரல் ஏற்கெனவே இருக்கும். வெளி அச்சகத்தில் இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக, மாற்றியே கோப்பை அனுப்புங்கள்.