கிணற்றடிக் கல்லும் தெற்கெல்லை வாய்க்காலும்: மணலிப் பக்கம் பழைய வீடு வாங்குவோர் கவனத்துக்கு

எங்கள் கிணற்றடியில் ஒரு கல் கிடக்கிறது. முழங்கால் உயரம் இருக்கும், நாலு பக்கமும் கொத்திய கருங்கல். குடிவந்த நாள் முதல் என் மனைவி அதில்தான் துணி துவைத்தார். எட்டு மாதம் கழித்து வீட்டை அளக்க வந்த அரசு நில அளவர் அந்தக் கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சோப்பு நுரை போனதும் கல்லின் ஒரு முனையை விரலால் தடவினார். உளியால் வெட்டிய குறி தெரிந்தது. “இது சர்வே கல் ஐயா. யாரோ பிடுங்கிப் படுக்கப் போட்டிருக்கிறார்கள்” என்றார்.

அந்தக் கல் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமலே 52 லட்சம் ரூபாய் கொடுத்து வீடு வாங்கியவன் நான்.

நான் திருவொற்றியூர்க்காரன். முப்பத்தோரு வருடம் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவன். நூலளவு பிசகினாலும் உருப்படியைத் தள்ளி வைத்துப் பழகிய கை. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற பணமும் மனைவியின் நகை விற்ற பணமுமாகச் சேர்த்து, மணலிக்கு வடக்கே ஒரு பழைய கிராமத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாங்கினோம். திண்ணை, முற்றம், பனங்கை போட்ட கூரை, பின்னால் கிணறு, ஒரு முருங்கை. 2011-இல் மணலி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது ஊரும் சேர்ந்தது. 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. பெயர்ப்பலகைதான் மாறியது. நிலத்தின் கணக்கு இன்னும் பழைய கிராமப் புலப்படத்தில், அதாவது அரசின் நில அளவை வரைபடத்தில்தான் இருக்கிறது. வாங்கும்போது இது எனக்குத் தெரியாது.

2024 ஆகஸ்டில் பத்திரம் முடிந்தது. தரகர் நல்ல பேச்சுக்காரர். பேரம் சதுர அடிக்கு 2,000 ரூபாய். இடம் 6 சென்ட் என்று மூலப் பத்திரத்திலேயே இருந்தது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆறு சென்ட் என்றால் 2,614 சதுர அடி. அளந்து பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நானும் சொன்னேன். ஆகவே அளக்காமல் ஏமாந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அளந்துதான் ஏமாந்தேன்.

தரகரே ஒரு சர்வேயரை அழைத்து வந்தார். தனியார். மூன்று கால் கருவி, உதவிக்கு ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டை. கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை ஒரு தடவை, தெரு வாசலிலிருந்து பின் மதில் வரை ஒரு தடவை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. 8,000 ரூபாய். மூன்றாம் நாள் வண்ணத்தில் ஒரு வரைபடம் வந்தது. வடக்கு அம்புக்குறி, வீடு பழுப்பு, தோட்டம் பச்சை, மொத்தப் பரப்பு 2,614 சதுர அடி. பத்திரமும் படமும் பிசிறில்லாமல் பொருந்தின. பட்டறையில் ஒரு உருப்படி முதல் தடவையே அப்படிப் பொருந்தினால் அளவுகோலைச் சந்தேகிப்போம். இங்கே எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்தப் படத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் ஒரு வரி உண்டு: ‘உரிமையாளர் இடத்தில் காட்டியபடி அளக்கப்பட்டது.’ அதை நான் படித்தது, பின்னால் சொல்லப்போகிற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்த பிறகு. சுவருக்குச் சுவர் எவ்வளவு தூரம் என்பதை அளக்க எட்டாயிரம் கொடுத்திருக்கிறேன். அந்தச் சுவர் நிற்கவேண்டிய இடத்தில்தான் நிற்கிறதா என்பதை அவர் அளக்கவே இல்லை. அளப்பதாகச் சொல்லவும் இல்லை.

இன்னொன்று. மூலப் பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், ‘தெற்கே வாய்க்கால்’ என்று எழுதியிருந்தது. நானும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மதில், அதற்கப்பால் இன்னொருவருடைய மாட்டுக்கொட்டகை. வாய்க்கால் எங்கே என்று தரகரிடம் கேட்டேன். “அதெல்லாம் அந்தக் காலத்துப் பெயர் சார், தூர்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது” என்றார். சரி என்று வந்துவிட்டேன். தூர்ந்த வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்தது என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கூடுதலாகக் கேட்டிருக்கலாம்.

2025 ஏப்ரலில் மழைநீர் வடிகால் வேலைக்காக ஆட்கள் வந்தார்கள். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் சில வருடங்களாக நடக்கிற வேலை; இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தோண்டிய பள்ளங்களோடு நல்ல பழக்கம் உண்டு. அவர்களில் ஒருவர் கையில் படத்தோடு கொல்லைக்குள் வந்து, எங்கள் சமையலறைச் சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டார். மதிலில் அல்ல, சமையலறையில். அதன்பின் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7-ஆம் பிரிவு. வாய்க்கால் புறம்போக்கில் கட்டியிருக்கிறீர்கள், ஏன் அகற்றக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான், பட்டாதாரர் என்ற முறையில், நிலத்தை அளந்து அத்து (எல்லை) காட்டும்படி மனுப் போட்டேன். கட்டிய கட்டணம் அந்த எட்டாயிரத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. அண்டை வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே தகவல் போனது. நில அளவர் வந்த அன்று அவர் எங்கள் வீட்டுப் பக்கமே முதலில் வரவில்லை. நாலு வீடு தள்ளி, கோயில் மதிலை ஒட்டிப் புதைந்திருந்த ஒரு கல்லைத் தேடிப் பிடித்தார். பிறகு தெருமுனையில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் புலப்படத்தில் எழுதியிருக்கும் தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார். அதன் பிறகே அந்தக் கோட்டிலிருந்து எங்கள் இடத்துக்குள் இறங்கினார். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி முடிக்கும்போது மணி இரண்டு. கல்லிலிருந்து தொடங்கினால்தான் அளவை; சுவரிலிருந்து தொடங்கினால் அது சுவருக்குச் சொந்தமான கணக்கு.

எங்கள் உட்பிரிவின் அகலம் எட்டே முக்கால் மீட்டர், நீளம் இருபது மீட்டர். மொத்தம் 175 சதுர மீட்டர். 1,884 சதுர அடி. நாலே கால் சென்ட்டுக்குச் சற்று அதிகம். மதில் வரை மிச்சம் இருக்கிற இருபத்தைந்து அடிதான் ‘தூர்ந்துபோன’ வாய்க்கால். கிணறு, கழிவறை, முருங்கை எல்லாம் அதில் நிற்கின்றன. சமையலறை பாதி இங்கே, பாதி அங்கே. அடுப்பு அரசாங்கத்தின் பக்கம். பேசிய விலைக்குக் கணக்குப் போட்டால், என்னுடையதல்லாத 730 சதுர அடிக்கு பதினான்கரை லட்சம் கொடுத்திருக்கிறேன்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. இந்த 175 சதுர மீட்டர் வாங்கும் முன்பே என் சட்டைப் பையில் இருந்தது. பட்டா நகலில் பரப்பு ‘0 – 01.75’ என்று ஹெக்டேர், ஏர் கணக்கில் இருந்தது. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். அதை 10.76-ஆல் பெருக்கினால் சதுர அடி. ஒரு பெருக்கல்! பத்திரத்தில் சென்ட், படத்தில் சதுர அடி, பட்டாவில் ஏர். மூன்றும் மூன்று மொழியில் பேசின, நான் மொழிபெயர்க்கவில்லை. தரகர் கொடுத்த புலப்பட நகலிலும் பக்கவாட்டுக் கோட்டின் மேல் 20.0 என்று மங்கலாக இருந்தது. ஏதோ வரிசை எண் என்று நினைத்துக்கொண்டேன்.

வில்லங்கச் சான்று பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். முப்பது வருடத்துக்குப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, இன்றும் சுத்தமாகத்தான் இருக்கிறது. யார் யாருக்கு விற்றார், யார் அடகு வைத்தார் என்பது அதில் வரும். உங்கள் கிணறு யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பது வராது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் யாரும் டேப்போடு வந்து பார்ப்பதில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அந்த வாய்க்காலுக்கும் சேர்த்தே கட்டினேன். வங்கிக் கடன் வாங்கியிருந்தால் அவர்களுடைய வழக்கறிஞராவது காகிதங்களைப் புரட்டியிருப்பார். கடனில்லாமல் வாங்குகிறேன் என்ற பெருமையில் அதுவும் போயிற்று.

அரசின் இணையதளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுக்கலாம், எந்த நிலம் எந்த வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் பார்க்கலாம், ஒரு சர்வே எண் புறம்போக்கா என்றும் தட்டிப் பார்க்கலாம். இதை நானும் செய்தேன். என் எண்ணுக்குச் செய்தேன். பட்டா நிலம் என்று வந்தது, நிம்மதியாகப் படுத்தேன். புலப்படத்தில் எனக்குத் தெற்கே இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். பழைய வீடு வாங்குகிறவர்கள் தயவுசெய்து சுற்றியுள்ள நாலு எண்ணையும் பாருங்கள். ஆபத்து எப்போதும் அந்த நாலில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் இடம் கிராம நத்தமாக (ஊர்க் குடியிருப்பு நிலமாக) இருந்தால் அதற்குப் பதிவேடும் பட்டாவும் தனி. அதையும் கேட்டு வாங்குங்கள்.

அத்து காட்டும் மனுவை, வீடு வாங்கப் போகிறவர் போட முடியாது, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போட வேண்டும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரைப் போடச் சொல்லுங்கள். கட்டணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவாக இருக்கிறது, இப்போது அளக்க முடியாது என்று அவர்கள் சொன்னால், முதலில் பட்டாவை மாற்றிக்கொண்டு வரட்டும். ஒப்பந்தத்தில் மொத்த விலை எழுதாதீர்கள். ‘அரசு நில அளவர் அளந்து காட்டும் பரப்புக்கு, சதுர அடி இவ்வளவு’ என்று எழுதுங்கள். என் ஒப்பந்தத்தில் ‘6 சென்ட்டும் அதிலுள்ள ஓட்டு வீடும்’ என்று இருந்தது. வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பத்திரத்தில் பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று விளக்கினார். என் தெற்கெல்லை வாய்க்கால். வாய்க்காலுக்கு வடக்கே இருப்பதுதான் எனக்கு விற்கப்பட்டது என்று விற்றவர்கள் வாதாடலாம். என் பத்திரமே எனக்கு எதிர்சாட்சி.

வீட்டையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. சுவர்களில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு நீல நிற எனாமல் பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள். சுத்தமாக இருக்கிறதே என்று மனைவி மெச்சினார். போன மழைக்காலத்தில் பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் மட்டும் பெயின்ட் இல்லை. இடுப்புயரத்துக்குச் சற்றுக் கீழே, கரிக்கோடு இழுத்தாற்போல் ஒரு வரி. நகத்தால் சுரண்டினேன், பிசுபிசுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததே, அந்த எண்ணெய். பழைய வீடு பார்க்கப் போனால் பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

விற்றவர்கள் அண்ணன் தம்பி இருவரும் ஒரு தங்கையும். எங்கள் அப்பா எதை அனுபவித்தாரோ அதைத்தான் விற்றோம் என்கிறார்கள். அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. தரகர் இப்போது என் எண்ணைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. தனியார் சர்வேயர் எடுத்தார். படத்தின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். ஆக்கிரமிப்பு நோட்டீஸுக்குப் பதில் கொடுத்திருக்கிறேன், விற்றவர்களுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போயிருக்கிறது. சமையலறையை முன்பக்கம் மாற்றக் கொத்தனாரிடம் கேட்டதில் மூன்று லட்சம் சொன்னார்.

எதிர்வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நில அளவர் போன பிறகு திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். “உங்கள் கிணறு இருக்கிற இடத்தில்தான் தம்பி வாய்க்கால் ஓடியது. மழைக் காலத்தில் என் மாமனார் அங்கே கெண்டை பிடிப்பார்” என்றார். முதலிலேயே ஏன் ஆயா சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். வீடு பார்க்க மூன்று தடவை வந்திருக்கிறேன். மூன்று தடவையும் அவர் அதே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்களுக்கு மேற்கே இருக்கிற வீடும் விலைக்கு வந்திருக்கிறது. அதே வரிசை, அதே தெற்கெல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே தரகர் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். கணவன், மனைவி, கையில் குழந்தை. கொல்லையில் நின்று அந்தப் பெண், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். தரகர் வாயைத் திறப்பதற்குள் நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலோரம் போய், “அம்மா, இங்கே வந்து இந்தக் கல்லை ஒரு தடவை பாருங்கள்” என்று கூப்பிட்டேன்.